முந்நூற்று நாற்பத்தொரு கிலோ ஞாயிற்றுக்கிழமை

அந்த விண்ணப்பத்தை எழுதியது யார் என்று கண்டுபிடிக்கும்வரை முகச்சவரம் செய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். மனைவியிடம் அறிவித்தேன். அவள் தையல் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சரிங்க. பழைய பிளேடு இருந்தா ஒரு டப்பாவுல போட்டு வைங்க. நீலத் தொட்டியில போட்டுடலாம்."

சபதம் மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் மேலதிகாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். சவரம் செய்துகொண்டேன். ஆனால் கேள்வி மட்டும் தாடியைவிட வேகமாக வளர்ந்துகொண்டே இருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் தெருவில் முப்பது வீடுகள். குப்பை போட வேண்டுமென்றால் தெருவைத் தாண்டி, பெரிய சாலையைக் கடந்து, பொதுத் தொட்டிவரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். திடீரென்று ஒரு காலையில் முப்பது வாசலிலும் முப்பது நீலத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் நகராட்சி நோட்டீஸ் ஒன்று. 'உங்கள் தெருவாசி ஒருவரின் விண்ணப்பத்தை ஏற்று, வாசலுக்கே வந்து மறுசுழற்சிப் பொருள்களை எடுத்துச்செல்லும் திட்டத்துக்குச் சோதனை நிதி ஒதுக்கப்பட்டுள்ளது. வாரம் ஒருமுறை வண்டி வரும். பன்னிரண்டு வாரத்தில் இரண்டாயிரம் கிலோ சேர்ந்தால் நிதி நிரந்தரம். சேராவிட்டால் வண்டி வேறு தெருவுக்குப் போகும்.'

தெருவாசி ஒருவரா? எங்கள் தெருவிலா? விளக்குக் கம்பம் தலையில் விழுந்தாலும் அதைச் சாய்வதற்கு வசதியாக வைத்துக்கொள்வார்களே தவிர, விண்ணப்பம் எழுதுகிற ஜாதி இல்லை இவர்கள். அப்படியானால் எழுதியது யார்?

என் உத்தியோகமே இப்படிக் கேட்பதுதான். எடை அளவுத் துறையில் ஆய்வாளன். கடை கடையாக ஏறி, தராசு உண்மை பேசுகிறதா என்று சோதிப்பவன். இருபத்தேழு வருடமாக இதே வேலை. தெருவில் எனக்குப் பெயரே 'தராசு சார்'தான்.

முதல் சந்தேகம் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் மேல். அவருடைய கையெழுத்தைப் பார்ப்பதற்காக நான்கு நாள் தலைவலி மாத்திரை வாங்கினேன். ஐந்தாம் நாள் உண்மையிலேயே தலை வலித்தது. நேராகவே கேட்டுவிட்டேன்.

"நீங்கதானே எழுதுனீங்க?"

"நானா? மாத்திரைக் கவர்ல நான் எழுதுற 'காலை, இரவு'வையே என் சம்சாரம் வந்து படிச்சுச் சொல்லணும் சார். என் கையெழுத்துல போட்டா நகராட்சி நிதியா குடுக்கும்? வைத்தியம்ல பாக்கும்!"

நியாயம்தான். அவர் பெயரை அடித்தேன்.

இங்கே என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாசலை ஒட்டி ஒரு நல்ல அறை. பெரிய ஜன்னல், காலை வெயில். அதில் என் ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. அதாவது, இருபத்திரண்டு வருட ஞாயிறு பத்திரிகைகள். வருடத்துக்கு ஒரு கட்டு, சணலால் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக. ஓய்வு பெற்றதும் படிக்கலாம் என்று வைத்திருக்கிறேன். பரண் மேலே இன்னொரு பொக்கிஷம். துறை ஏலத்தில் எடுத்த பன்னிரண்டு இரும்புத் தராசுகள். எல்லாம் பொய் சொல்லிப் பிடிபட்டவை. அவற்றை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதிலேயே எனக்கு ஒரு சுகம். உண்மை பேசும் தராசு வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அது சமையலறையில் தொங்குகிறது.

என் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். அவளுடைய மிஷின் சமையலறையில், அடுப்புக்கு நான்கடி தள்ளி நிற்கிறது. போன வருடம் ஒரு பள்ளிக்கூடம் இருபது சட்டைகளைத் திருப்பி அனுப்பியது. வெங்காயம் வதக்கிய வாசனை வருகிறதாம். அவள் இருபதையும் துவைத்துக் காயப்போட்டாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அன்று முழுக்கச் சங்கடப்பட்டேன்.

"அந்த ரூமைக் குடுத்தா மிஷினை அங்க போட்டுக்குவேன்," என்றாள் ஒரே ஒரு தடவை.

"காகிதத்துல மட்டும் கை வைக்காதே," என்றேன். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

நீலத் தொட்டிகள் வந்த வாரம் மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கார் ஷெட்டில் தெருக்கூட்டம் போட்டார்கள். நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்திருந்தார். திட்டத்தை விளக்கிவிட்டு, தெருக் குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும், யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. மெதுவான குரல்தான். ஆனால் ஷெட் முழுக்கக் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரைக் கேட்டுடாதீங்கம்மா. அவருக்கு இதெல்லாம் சரிப்படாது."

சரிப்படாதா? எழுந்து நின்றேன். தலைவனானேன்.

அதற்குப் பிறகு நான் மனிதனாக இல்லை. செவ்வாய்க்கிழமை தோறும் விடிந்ததும் கையுறை போட்டுக்கொண்டு முப்பது தொட்டிகளையும் திறந்து பார்ப்பேன். ஒரு தெருவைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. இனிப்பைத் தொடுவதே இல்லை என்கிற வங்கி மேலாளர் வீட்டில் வாரம் மூன்று கேக் பெட்டி. ஒருவரோடு ஒருவர் பேசாத அண்ணன் தம்பி வீடுகளில் ஒரே கடையின் ஒரே ஊறுகாய் பாட்டில். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தபால்காரர் வீட்டில், அழகாக மடித்து அடுக்கிய அட்டைப் பெட்டிகள். பெரிய சாலையைக் கடந்து குப்பை கொண்டுபோக வேண்டியதில்லை என்பதில் அவருக்குத்தான் ரொம்ப நிம்மதி. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவார். இந்த வண்டி போய்விடக் கூடாது என்று அவரைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையிலேயே தோன்றியது.

ஒன்பதாவது வாரம் முடிவில் வண்டிக்காரர் கணக்குப்படி ஆயிரத்து ஐந்நூறு கிலோ சேர்ந்திருந்தது. இன்னும் மூன்று வாரம். சுலபமாகத் தாண்டிவிடலாம். தெருவே என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனைவி தண்ணீர் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த வண்டியில தொங்குதே தராசு... என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதோ என்னவோ."

"எப்படித் தெரியுது?"

"ஒண்ணுமில்லீங்க. சாப்பிடுங்க."

"என்ன தெரியுதுன்னு கேட்டேன்!"

"முள்ளு கொஞ்சம் தாராளமா போற மாதிரி இருக்கு. எனக்கு என்ன தெரியும்? நீங்க சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

ஆறித்தான் போனது. அதன்பிறகு ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. அலுவலகத்துக்கு ஓடி இருபது கிலோ சோதனை எடைக்கல்லை எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து, எங்கள் தெருமுனையில் புறப்படத் தயாராக நின்ற வண்டியை மறித்தேன். கல்லைக் கொக்கியில் மாட்டினேன். முள் இருபதைத் தாண்டி, இருபத்து நான்கில் போய் நின்றது.

"விடுங்க சார். உங்க தெருவுக்குச் சாதகமாத்தானே சாயுது?" என்றார் வண்டிக்காரர்.

"தராசு சாயறதே தப்பு. யார் பக்கம் சாயுதுங்கறது அப்புறம்."

மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தராசு சார், உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன். மூணே வாரம். கண்டும் காணாம இருந்துடுங்க."

இருபத்தேழு வருடத்தில் நான் கண்டும் காணாமல் இருந்ததில்லை. அன்றே நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தேன். அதிகாரியம்மா வந்தார், தராசை மாற்றினார், கணக்கைத் திருத்தினார். ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து இருநூற்றைம்பது ஆனது. சரியான தராசில் வாரத்துக்கு நூற்று நாற்பது கிலோ தேறுவதே கஷ்டம். முக்கி முனகினாலும் முந்நூற்று முப்பது கிலோ போல இடிக்கும்.

தலையில் தூக்கி வைத்த தெரு என்னைத் தொப்பென்று கீழே போட்டது. மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டதும் ஜன்னலைச் சாத்தினார். தபால்காரர் கும்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் கட்டுப்போட்ட காலையும் பெரிய சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீங்க செஞ்சது சரிதாங்க," என்றாள் மனைவி. "யாரு என்ன சொன்னாலும் நீங்க செஞ்சது சரி."

"சரிதான். ஆனா முந்நூத்து முப்பது கிலோவுக்கு நான் எங்க போவேன்?"

"அதான் எனக்கும் தெரியல." மிஷின் கடகடவென்று ஓடியது.

அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் மறுப்பதற்கு நான்கு காரணங்கள் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் என்னாலேயே பொறுக்க முடியவில்லை.

"ஏன், அந்த ரூம்ல இருக்கற பேப்பர்..."

"ஐயையோ! வேண்டவே வேண்டாங்க. ரிட்டையர் ஆனதும் படிக்கணும்னு ஆசையா வச்சிருக்கீங்க."

"என் பேப்பர். நான் போடுவேன்."

"வேற எதாவது வழி பாக்கலாங்க. மனசு கேக்குமா உங்களுக்கு?"

"தலைவர் நான். நீ தலையிடாதே!"

முதல் கட்டைப் பிரித்தேன். போவதற்கு முன் ஒன்றையாவது படித்துவிடலாமே என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பத்தாவது வரியில் தூங்கிவிட்டேன். எழுந்து மறுபடி கட்டும்போதுதான் கவனித்தேன். மற்றக் கட்டுகளில் இருந்த முடிச்சு என் முடிச்சு இல்லை. நான் போடுவது இரட்டை முடிச்சு. இது சின்னதாக, சீராக, இழுத்தால் வராததாக இருந்தது. யார் அவிழ்த்துக் கட்டியிருப்பார்கள்? ஒரு நிமிடம் யோசித்தேன். வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. யோசனையை விட்டுவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மூன்று வாரத்தில் இருபத்திரண்டு கட்டும் போயின. கடைசிக் கட்டை வண்டியில் ஏற்றியபோது மனசு கனத்தது. அறைக்குத் திரும்பி வந்து பார்த்தேன். ஜன்னல் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

மொத்த எடை இரண்டாயிரத்து எட்டு கிலோ.

அதே கார் ஷெட்டில் கூட்டம். நிதி நிரந்தரமானது என்று அதிகாரியம்மா அறிவித்தார். தபால்காரர் ஊன்றுகோலை உயர்த்திக் காட்டினார். மருந்துக்கடைக்காரர் என்னைக் கட்டிக்கொண்டார்.

"இன்னொரு நல்ல செய்தி," என்றார் அதிகாரியம்மா. "இரண்டாம் கட்டத்துக்கும் உங்க தெருவுக்கே நிதி. தலைவரா நீங்களே இருக்கணும் சார். ஒரே ஒரு நிபந்தனை. எல்லாருக்கும் முன்மாதிரியா முதல் பொருள் தலைவர் வீட்டிலேர்ந்து வரணும். சம்மதம்னா இதுல ஒரு கையெழுத்து."

கைதட்டல் காதை அடைத்தது. என்ன பொருள் என்றுகூட நான் கேட்கவில்லை. கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவன், அந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு பன்னிரண்டு வாரமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன்.

"அம்மா, முதல்ல அந்த விண்ணப்பத்தை எழுதினது யாரு?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்று ஆச்சரியப்பட்டு, கோப்பைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். 'கழுத்து பன்னிரண்டு, கை பதினாறு' என்று நோட்டுப் புத்தகத்தில் தினமும் எழுதுகிற கையெழுத்து.

கேள்வி இரண்டு: உறுதியாகக் கிடைக்கக்கூடிய பொருள்? பதில்: பழைய பேப்பர், 341 கிலோ. கட்டுக் கட்டாகப் பிரித்து, கணவரின் சரியான தராசில் நிறுத்தது.

கேள்வி மூன்று: எதிர்பார்க்கும் தடைகள்? பதில்: ஒருவர்.

கேள்வி நான்கு: தடையை நீக்கும் வழி? பதில்: அவரையே தலைவராக்குவது.

பின்வரிசையைப் பார்த்தேன். கழுத்தில் அளவு நாடாவோடு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன்.

"அப்ப அந்த வண்டித் தராசு? அது எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல் வாரமே தெரியுங்க. வீட்டுல நிறுத்தப்ப நம்ம தொட்டி அஞ்சு கிலோ. வண்டியில ஆறு காட்டுச்சு."

"முதல் வாரமேவா! அப்பவே ஏன் சொல்லல?"

"அப்பவே சொல்லியிருந்தா இன்னும் பதினோரு வாரம் கையில இருந்திருக்கும். தெருவே சேர்ந்து ஈடு கட்டியிருக்கும். அப்புறம் உங்க பேப்பருக்கு என்ன வேலை?"

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. இருபத்தேழு வருட சர்வீஸில் இவ்வளவு துல்லியமான நிறுவையை நான் பார்த்ததே இல்லை. சரி, போகட்டும், போனது பேப்பர்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கோப்பை மூடப் போனேன். கீழே இன்னும் ஒரு கேள்வி இருந்தது.

கேள்வி ஐந்து: இரண்டாம் கட்ட நிதி ஒதுக்கினால் என்ன பொருள் தர முடியும்? பதில்: இரும்பு. வீட்டுப் பரணில், பன்னிரண்டு தராசுகள்.

பக்கத்துத் தாளில் என் கையெழுத்து இன்னும் ஈரமாக இருந்தது.