ஐயனார் குதிரை மேய்ந்த புல்

ஐம்பத்திரண்டாம் வருஷக் கோடையில் கீரனூர் ரயிலடியில் இறங்கியவர்களுக்குக் குதிரை வண்டி கிடைப்பது நிஜமாகவே குதிரைக் கொம்பாகிவிட்டது. வண்டிக்காரர்கள் எல்லாரும் நரிக்கண்மாய்க் கரையில் இருந்தார்கள். அங்கே ஐயனார் கோவில் வாசலில் ரத்தினவேல் கனைத்துக்கொண்டிருந்தார்.

மற்ற ஊர்களில் மனிதன் மேல் சாமி வரும். இங்கே வந்தது சாமியின் குதிரை. கோவில் முன்னால் இரண்டு ஆள் உயரத்தில் நிற்கும் மண்குதிரைதான் வெள்ளிக்கிழமைதோறும் ரத்தினவேல் மேல் இறங்குகிறதாம். போன பொங்கல் வரை கந்தர்வக்கோட்டையில் முந்திரிக்கொட்டைத் தரகு பார்த்தவர் அவர். தரகில் வராத மரியாதை கனைப்பில் வந்தது. குளத்தூரிலிருந்தும் கொடும்பாளூரிலிருந்தும் ஜனங்கள் திரண்டு வந்தார்கள்.

கனைத்தவர் ஓர் உத்தரவும் போட்டார். கண்மாய் வற்றிவிட்டது. மடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் ஈரமும் பச்சைப் புல்லும் மிச்சம். அந்தப் பள்ளம் ஐயனார் குதிரையின் மேய்ச்சலாம். மனிதர்களின் குதிரைகள் மேட்டுப்பக்கம் மேய வேண்டும். மேட்டில் என்ன இருந்தது? மணல் இருந்தது. அதில் அங்கங்கே தாடி மயிர் போல நாலு புல்லும் இருந்தது.

தினமும் விடிந்து பார்த்தால் பள்ளத்துப் புல் கொஞ்சம் கடிபட்டிருக்கும். பக்கத்தில் புது லத்தியும் கிடக்கும். மண்குதிரை பசியாறிவிட்டது என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். லத்தியைப் பொட்டலம் கட்டிப் பிரசாதமாக வாங்கிப்போனார்கள். யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

மேட்டில் மேய்ந்த குதிரைகள் ஒவ்வொன்றாக வயிறு நொந்து, தரையில் விழுந்து புரண்டன. வண்டிக்காரர் சவரியப்பனின் குதிரை செத்தே போனது. சிலுவை போட்ட வேதக்காரரான அவர் கோவிலுக்குள் நுழையாமல் வரப்பில் நின்று காரணம் கேட்டார். ஐயனார் புல்லின் மேல் அவருடைய கண் பட்டதுதான் காரணம் என்று ரத்தினவேல் சொன்னார். மற்றவர்கள் தப்ப வேண்டுமானால் வெள்ளிதோறும் ஒரு மரக்கால் கொள்ளும் ஓர் அச்சு வெல்லமும் கொண்டுவர வேண்டும் என்றார். நோயாளிக் குதிரையின் தீனியைப் பிடுங்கி மண்குதிரைக்குப் படைக்கும் வைத்தியம் தொடங்கியது.

இன்னொரு வண்டிக்காரரான ஆண்டிச்சாமியும் தன் வீட்டுக் கொள்ளுத் தீனியைத் துண்டில் கட்டினார். அவருடைய செவலைப் பெட்டைக் குதிரை அன்று காலைதான் முதல் முறையாகப் படுத்துப் புரண்டிருந்தது. அவர் மனைவி செங்கமலம் வாசலை மறித்து, கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. குதிரை போனால் குடும்பமும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். நேரே மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள்.

கம்பவுண்டர் ஞானமணி மேய்ச்சல் எங்கே என்று விசாரித்தார். லத்தியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கொஞ்ச நேரம் விட்டு, அடியில் தங்குவதைப் பார்க்கச் சொன்னார்.

செங்கமலம் கரைத்துப் பார்த்தாள். வாளியின் அடியில் ஒரு கை மணல் தங்கியது. குதிரை வேரோடு பிடுங்கித் தின்ற புல்லோடு போன மணல் அது. அதே கையோடு புருஷன் வாங்கி வைத்திருந்த பிரசாதப் பொட்டலத்தையும் இன்னொரு வாளியில் கரைத்தாள். ஒரு பொட்டு மணல் இல்லை. கொள்ளுத் தோல் மிதந்தது. உயிருள்ள குதிரையின் வயிற்றில் மணல்; மண்ணால் செய்த குதிரையின் வயிற்றில் கொள்ளு! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் பணிவாக முன்னால் போய் நின்றாள்.

"சாமி, ஐயனார் குதிரை வெறும் புல்லத் தின்னுது. மஞ்சத்தண்ணி தெளிச்சுக் குடுக்கணும்னு நேந்துக்கிட்டேன்."

இத்தனை பேர் முன்னால் பக்தியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ரத்தினவேல் ஒரு கனைப்பில் அனுமதி கொடுத்தார். அதைக் கண்ட மற்றப் பெண்களும் ஆளுக்கொரு குடம் மஞ்சளைக் கெட்டியாகக் கரைத்து வந்து ஊற்றினார்கள். பொழுது சாயும்போது பள்ளம் முழுக்க மஞ்சளாக இருந்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போலப் புல் கடிபட்டிருந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. செங்கமலம் புருஷனைப் பீடத்தில் ஏறச் சொல்லி, மண்குதிரையின் வாயை வெள்ளைத் துண்டால் துடைக்கச் சொன்னாள். துண்டில் வந்தது தூசி மட்டுந்தான்.

"தெய்வக் குதிரை வாயில எதுவும் ஒட்டாது தாயி" என்றார் ரத்தினவேல்.

"அப்ப ஒட்டுன வாயப் பாக்கப் போவோம், வாங்க" என்றாள் செங்கமலம். கூட்டம் வேடிக்கை பார்க்கும் ஆசையில் அவள் பின்னால் ரயிலடிக்கு நடந்தது. ரத்தினவேலும் வேறு வழியில்லாமல் வந்தார்.

ரயிலடியில் ஒரே ஒரு வண்டிக்காரர் சவாரிக்குக் காத்திருந்தார். அவர் பெரியகருப்பன், ரத்தினவேலின் மச்சான். அந்தக் கோடையில் கொழுத்த குதிரைகள் அவருடைய இரண்டு வெள்ளைக் குதிரைகள் மட்டுமே. அதற்குக் காரணம் அவருடைய பக்தி என்று ஊர் நம்பியது. இன்று அந்தக் குதிரைகளின் வாயும் மூக்கும் தாலி கட்டிக்கொள்ளப்போகும் கல்யாணப் பெண்ணைப் போல மஞ்சளாக இருந்தன. இருட்டோடு மேயவிட்டு, முதல் ரயிலுக்கு அவசரமாகப் பூட்டியவர் அதைக் கவனிக்கவில்லை.

ரத்தினவேல் கனைத்துப் பார்த்தார். ஒருவரும் கை கூப்பவில்லை. சவரியப்பன் மெதுவாக முன்னால் வந்தார்.

"எங் குதிர செத்ததுக்கு எங் கண்ணுதான் காரணம்னு சொன்னீங்க. ரெண்டு மாசமா எம் புள்ளைக மொகத்தக்கூட நிமிந்து பாக்காமத் திரிஞ்சேங்க."

மச்சான் வீட்டுக் கொள்ளு மூட்டைகளை ஊரார் தூக்கி வந்து பங்கிட்டுக்கொண்டிருந்தபோது, ரத்தினவேல் கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார். மனிதர்களைப் போல டிக்கெட் வாங்கித்தான் ஏறினார்.

பள்ளத்தைக் கயிறு கட்டி நாலாகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் சில நாள் மேய்ச்சல், மற்ற மூன்றுக்கும் ஓய்வு. வைக்கோலைத் தரையில் போடாமல் தொட்டியில் போட்டார்கள். செவலை எழுந்து நின்றது. மண்குதிரை கோடை முழுவதும் பட்டினி கிடந்தும் ஒரு சுற்றுக்கூட இளைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ராக்காயி என்ற பெண் தேங்காய் பழத்தோடு செங்கமலம் வீட்டுக்கு வந்தாள். அவள் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். செங்கமலத்துக்குள் ஏதோ சக்தி இருப்பதாகவும், அவள் கையால் மஞ்சள் தண்ணீர் தந்தால் மழை வரும் என்றும் சொல்லிக் கும்பிட்டார்கள்.

செங்கமலம் அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடுத்தவங்க கையில குடுக்குற கடிவாளம் குதிரைக்குத்தாங்க. மனுசனுக்கு எதுக்கு?"