விமல்ராஜ் எரித்த கலோரி

விமல்ராஜை எப்படியாவது தோற்கடித்துவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன். அவனை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே ஒருவனை வெறுப்பது எவ்வளவு சுலபம் என்று கல்யாணமான ஆண்களுக்குத் தெரியும்.

எங்கள் வீடு திருவூடல் தெருவில். தெருவின் பெயருக்கு நானும் என் மனைவி கீதாஞ்சலியும் எந்தக் குறையும் வைத்ததில்லை. செங்கம் ரோட்டு ஜிம்மில், பெண்களுக்கான மாலை வகுப்பில் அவள் சேர்ந்தபோது சிரித்தேன். சில வாரம் கழித்து கேஸ் சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கி வைத்தாள். சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அதன்பிறகு வீட்டில் ஒரே விமல்ராஜ் புராணம்.

"எங்க கோச் விமல்ராஜ் ஒரு மணி நேரம் வெயிட் தூக்கினா நானூறு கலோரி எரிக்கிறாருங்க. வாட்ச்லயே காட்டுது."

"வாட்ச் பொய் சொல்லும்."

"எனக்கு இருநூறுதான் வருது. அவரு தோளு இருக்கே, கோயில் கதவு மாதிரி."

என் தோளைத் திரும்பிப் பார்த்தேன். கொடியில் சட்டை காய்வதுபோல இருந்தது.

சர்க்கரை எல்லையில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. அசைக்கவில்லை. கிரிவலத்தையே ஆட்டோவில் முடித்தவன் நான். ஆனால் விமல்ராஜ் வேறு விஷயம்.

அதே ஜிம்மில், ஆண்களுக்கான காலை வகுப்பில் சேர்ந்தேன். அவளுடையதைப் போலவே ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டேன். காலை கோச் மணிவேல். அவனிடம் விமல்ராஜைப் பற்றி விசாரிக்க வாய் துடித்தது. மானம் தடுத்தது.

முதல் நாள் ஒரு மணி நேரம் இரும்போடு மல்லுக்கட்டினேன். வாட்ச் தொண்ணூறு என்றது.

"ஏம்பா, இது ரிப்பேரா?"

"இல்ல சார். வெயிட் தூக்குறதுல நம்பர் கம்மியாதான் காட்டும். இதயத் துடிப்ப வச்சு கணக்குப் போடுது. நீங்க தூக்குறது கம்மி, உக்கார்றது ஜாஸ்தி."

உட்கார்ந்தேன். அந்தக் கோயில் கதவு மனசில் திறந்தது. துடிப்பு குபுகுபுவென்று ஏறியது. கலோரியும் கூடவே ஏறியது. வயிறு எரிந்தால் வாட்ச் அதையும் கணக்கில் சேர்க்கிறது.

அதுமுதல் அவன் நினைப்பிலேயே தூக்கினேன். வடையை விட்டேன். பேண்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. சர்க்கரை இறங்கிவிட்டதாக டாக்டர் கை கொடுத்தார். கடைசியில் ஒரு நாள் வாட்ச் நானூறைத் தாண்டியது.

அன்று மாலையே வாட்ச் கட்டிய கையை நீட்டிக்கொண்டு பெண்கள் வகுப்புக்குப் போனேன். கோச் உடையில் ஒரு பெண் நின்றிருந்தார்.

"விமல்ராஜ் எங்கம்மா?"

"அப்படி யாரும் இல்லையே சார். லேடீஸ் பேட்ச்சுக்கு ஆரம்பத்துலருந்து நான்தான், அருணாதேவி. நீங்க கீதாக்கா வீட்டுக்காரரா? அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம், அவசியம் வரணும்" என்று பத்திரிகையை நீட்டினார்.

கீதாஞ்சலி டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டு என்னை வெளியே அழைத்து வந்தாள்.

"டாக்டர் சொன்னாரு, கேக்கல. நான் சொன்னேன், கேக்கல. யாரு சொன்னா கேப்பீங்கன்னு யோசிச்சேன்."

"அப்ப அந்தத் தோளு?"

"அன்னிக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். கதவுதான் ஞாபகத்துல இருந்துச்சு."

கோபம் வரவில்லை; ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு எரித்தும் தோற்கடிக்க ஆளில்லை. இனி ஜிம் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று அறிவித்தேன். "சரிங்க" என்றாள்.

சாப்பிடும்போது சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அருணாதேவி வீட்டுக்காரரு தினம் ஐநூறு எரிக்கிறாராம்."

அருணாதேவியின் கல்யாணப் பத்திரிகை என் சட்டைப் பையில்தான் இருந்தது. இருந்தும் மறுநாள் விடிந்தபோது நான் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.