அப்பாவோடு போன தக்கை

வெளிநாட்டில் படிக்க மூளை வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது மட்டும் இருந்தது, அதுவும் அண்ணனிடம். இல்லாதவை: காலேஜ் கட்டணம், கப்பல் டிக்கெட், குளிருக்குக் கோட்டு. (நான் நாலாவதோடு நின்றவன். எனக்கு ஆன மொத்தச் செலவு ஒரு சிலேட்டு. அதையும் உடைத்துவிட்டேன்.)

அப்பா போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவர் விட்டுப்போனது அந்தமானில் மின்னி பே கரையில் கிடந்த டிங்கி, ஒரு சின்னத் துடுப்புப் படகு, ஒன்றுதான். அது விற்றால் அண்ணன் இங்கிலாந்துக்குப் போவான். விற்காவிட்டால் என்னோடு வலை இழுப்பான். மெயின்லேண்ட் கப்பல் அந்த வாரமே கிளம்புகிறது. அதை விட்டால் காலேஜில் இடமும் போய்விடும்.

வாங்க வந்தவர் கடைக்காரக் காதர் பாய். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி.

"ஓட்டிக் காட்டுலே. பொறவு பேசுவோம்."

அண்ணன் கரையில் நின்று நகத்தைக் கடித்தான். பாயை ஏற்றிக்கொண்டு நான் துடுப்பைப் பிடித்தேன். (வாயைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம்.)

"பாய், இந்த மாதிரி டிங்கி அந்தமான்லயே கெடையாது. ஒரு சொட்டு பானி உள்ள வராது!"

"வந்துட்டுல்லாலே!" என்று பாய் கைலியைத் தூக்கிப் பிடித்தார்.

கணுக்கால் வரை தண்ணீர். எங்கள் ஊர் மழைக்கு, டிங்கியைக் கரையேற்றியதும் அடி ஓட்டையை அடைக்கும் தக்கையைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே குளம் கட்டிவிடும். பிடுங்குவதும் போடுவதும் அப்பாதான். என்னிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவேன் என்று, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றிலேயே கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார்.

"தக்கை எங்கலே?"

"அப்பாகிட்ட, பாய்."

"அப்பா எங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. உத்தரியத்தைச் செத்தாலும் கழற்றக் கூடாதென்று, கழுத்தில் கிடந்தது கிடந்தபடியே புதைத்திருந்தோம்.

"கல்லறையில, பாய்."

பாய் தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடித்தார். பிறகு குதிகாலை ஓட்டையில் அழுத்தி, துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார். "ஜல்தி எறைலே!" நான் தகர டப்பாவால் இறைத்தேன். அழுகை வந்துவிட்டது. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மூழ்கிக்கொண்டிருக்கும் இங்கிலாந்து.

"நீ வேற அழுது பானி சேக்காதலே!"

கரையில் பாய் மணலிலேயே உட்கார்ந்தார். வெள்ளைக் கைலி சேற்று நிறம். அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை.

"பாய்... வேண்டாம்னா..."

"ஒரு குதிகாலுக்கு அடங்குற ஓட்டைதான தம்பி. பலகையெல்லாம் உங்கப்பா நல்லாத்தான் வச்சிருக்காரு. நான் எடுத்துக்கிடுதேன்." என்னைப் பார்த்தார். "இவன் மட்டும் வேண்டாம்."

விஷயத்தைக் கேட்ட அம்மா, "அதையும் கொண்டுபோயிட்டாரா மனுசன்!" என்று சிரித்தாள். அப்பா போனபின் அன்றுதான் சிரித்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் யாரும் தேடுவதில்லை. "அப்பாகிட்ட இருக்கும்" என்போம். போன மாதம் அண்ணன் எழுதியிருந்தான்: அங்கே பயங்கரக் குளிராம், ஒரு கையுறையைக் காணோமாம்.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்பாகிட்டதான் இருக்கும். வச்சிக்கிடட்டும், அவருக்கும் குளிரும்லா."