பிரபுவின் சாம்பல் நிறம்

உலகில் இதுவரை இரண்டு கலை மறுமலர்ச்சிகள் நடந்திருக்கின்றன. ஒன்று இத்தாலியில். மற்றொன்று அரியலூருக்குப் பக்கத்தில், ஒரு சிமெண்ட் ஆலையின் மனமகிழ் மன்றத்தில்.

சுற்றுவட்டாரத்துக்குத் தூசில்லாத காற்றை ஆலை நிர்வாகம் ஏற்கெனவே வழங்கிவிட்டது. கேட்டில் இருந்த மின்பலகை அப்படித்தான் சொன்னது. இருமுகிறது என்று மனுக் கொடுக்க வந்தவர்களுக்கு அந்தப் பலகையைக் காட்டி 'குணப்படுத்தி' அனுப்பினார்கள். தென்றலின் அப்பா செல்லமுத்து மட்டும் குணமாக மறுத்துவிட்டார். பலகையைப் படித்துக்கொண்டே இருமினார்.

இனி மக்களுக்குக் குறை கலை ஒன்றுதான் என்று எண்ணெய் வண்ண உருவப்பட வகுப்பு தொடங்கப்பட்டது. முதல் பரிசு, ஆலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை. ஓவியச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த தென்றல் முதல் ஆளாகச் சேர்ந்தாள்.

"சொந்தமா யோசிக்கவே கூடாதும்மா," என்றார் திருச்சியிலிருந்து வந்த மாஸ்டர் முத்தமிழ்செல்வன். "மேதைங்க யோசிச்சு முடிச்சுட்டாங்க. பாத்து அப்படியே போடு."

பார்த்துப் போட வேண்டியவர் நானூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பியப் பிரபு. கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டி, அரியலூர் கண்டிராத மூக்கு. தென்றல் அந்த மூக்கையும் பிசகாமல் பிடித்துவிட்டாள்.

எண்ணெய் வண்ணம் லேசில் காயாது. மற்றவர்கள் படங்களை மன்றத்தின் ஏசி அறையில் வைத்தார்கள். அவளோ மிளகாயும் முந்திரியும் காய்கிற தன் வீட்டு மொட்டைமாடியில் பிரபுவையும் மல்லாக்கப் படுக்க வைத்தாள். கண்காட்சியன்று காலையில் போய்ப் பார்த்தால் பிரபு தலை முதல் கழுத்துப்பட்டி வரை சாம்பல் பூத்துக் கிடந்தார். வேலை போயிற்று என்று அழுதுகொண்டேதான் படத்தைத் தூக்கி வந்தாள்.

ஆலையின் பொது மேலாளர் அந்தப் படத்தின் முன்னால் உருகி நின்றார்.

"அடடா! மத்ததெல்லாம் நேத்து வரைஞ்ச மாதிரி இருக்கு. இதுலதான் நானூறு வருஷம் தெரியுது. முதல் பரிசு இதுக்குத்தான்!"

கைதட்டல் அடங்கியதும் கேட்டார்: "இந்த கிரே அபாரம். எந்தக் கம்பெனி கலரும்மா?"

"இம்போர்ட்டட்னு சொல்லு," என்று மாஸ்டர் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். கடைசி வரிசையில் செல்லமுத்து இருமினார். தென்றலுக்கு ஆத்திரமாக வந்தது.

"உங்க கம்பெனிதாங்க சார். மாடியில காய வச்சேன்."

மேலாளர் கண்காட்சிக்கு வந்திருந்த பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "துடைச்சுட்டாப் போச்சு. அப்புறம் வேலைக்கு ஆர்டர் வாங்கிக்க."

"துடைச்சுப் பாத்துட்டேங்க சார், வரல. உள்ளயே இறுகிப் போச்சு. எங்கப்பா நெஞ்சுலயும் அப்படித்தான் கெடக்குது."