குழல்மேல் அமர்ந்த மன்னர்

மேழிநாட்டின் மேற்கு எல்லை முழுவதும் காடு. அந்தக் காட்டில் பன்றிகள் ஏராளம். ஆகவே எல்லையோரக் குடிகள் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டுச் சட்டம் அனுமதித்திருந்தது. சட்டங்களில் புத்தியோடு எழுதப்பட்டது அது ஒன்றுதான் என்பதாலோ என்னவோ, வெகுகாலம் அதை யாரும் திருத்தவில்லை.

பூவாயி அந்த எல்லையில் ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போட்டிருந்தாள். கணவன் காளியண்ணனுக்குப் பார்வை மங்கல் என்பதால் துப்பாக்கி அவள் கையில் இருந்தது. விடியும் நேரத்தில் பன்றிகள் கிழங்கைத் தோண்ட வரும். அவள் வரப்பில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, குழல் முனையில் இருந்த சிறு குமிழைப் பன்றியின் தோளுக்கு நேராகக் கொண்டுவந்து விசையை இழுப்பாள். ஒன்று விழும். மற்றவை ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கம் வராது.

ஒருநாள் மன்னர் அயல்நாட்டுத் தூதரோடு எல்லையைப் பார்வையிட வந்தார். குடிகள் துப்பாக்கிகளோடு வரிசையாக நின்று வணங்கினார்கள். தூதர் அவற்றைப் பார்த்து, "இவை கடப்பாரைகளா?" என்று மெல்லக் கேட்டார். மன்னருக்கு முகம் சுண்டிவிட்டது. அரண்மனைக்குத் திரும்பியதும் படைக்கல அலங்காரத்துறை என்று ஒன்றை ஏற்படுத்தி, பூபதிராயரை அதற்கு அமைச்சராக்கினார். பூபதிராயர் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அதனால் பாரபட்சமின்றி முடிவெடுப்பார் என்று அரசிதழ் பாராட்டியது.

முதல் ஆணைப்படி குழல்கள் எல்லாவற்றுக்கும் பித்தளைத் தகடு போர்த்தினார்கள். விடியல் வெளிச்சத்தில் அது பளபளக்க, பன்றிகள் தொலைவிலேயே கண்டுகொண்டு அடுத்த வயலுக்குப் போயின. இரண்டாம் ஆணைப்படி துப்பாக்கிக் கட்டையில் யாளிமுகம் செதுக்கிய மரம் பொருத்தப்பட்டது. பூவாயியின் தோள் கன்றிப்போயிற்று. மூன்றாம் ஆணைப்படி ஒவ்வொன்றிலும் ஒரு பட்டுக் குஞ்சம் கட்டினார்கள். பிறகு தேர்தல் வந்தது. துப்பாக்கிக் குஞ்சம் வலப்பக்கம் தொங்க வேண்டும் என்றது ஒரு கட்சி, இடப்பக்கம் என்றது இன்னொன்று. அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

பூவாயி ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றாள். "குஞ்சம் எந்தப் பக்கம் தொங்குனா என்னுங்க? துப்பாக்கி சுடுதான்னு யாராச்சும் பாத்தீங்களா?"

அவள் இடக்குஞ்சத்தாரின் கைக்கூலி என்றார்கள் வலக்குஞ்சத்தார். மறுநாள் இடக்குஞ்சத்தார் அதையே திருப்பிச் சொன்னார்கள். வலக்குஞ்சம் வென்றது. பூபதிராயர் இரு கட்சிக்கும் பொதுவானவராகையால் அமைச்சராகவே நீடித்தார்.

வெற்றியைக் கொண்டாடும் விதமாக, குழல் முனையில் இருந்த குமிழைப் பிடுங்கிவிட்டு அங்கே மன்னரின் மார்பளவுச் சிலையைப் பதிக்க ஆணை வந்தது. அமைச்சரே நேரில் வந்து பூவாயியின் துப்பாக்கியைச் சோதித்தார்.

"இனி யாரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறி பார்க்கக் கூடாது," என்றார் அவர். "மன்னர் திருமுகத்தை நோக்கிக் கண்ணடிப்பது போல் தோன்றுகிறது. இரு கண்களையும் திறந்து, தலையைச் சற்றே தாழ்த்திப் பார்க்க வேண்டும்."

"தலையத் தாத்துனா பன்னி தெரியாதுங்களே."

"மன்னர் தெரிவார்."

"சுட்டா பொகை பூராம் அவரு மொகத்துலதானுங்க அடிக்கும்?"

"அது குற்றம்."

"அப்ப சுடக் கூடாதுங்களா?"

அமைச்சருக்கு எரிச்சல் வந்தது. "சுடக் கூடாது என்று யார் சொன்னது? இது சுதந்திர நாடு. மன்னர் முகம் கறுக்காமல் சுடுங்கள்."

அந்த ஆண்டு எல்லையில் ஒரு வெடிச் சத்தமும் கேட்கவில்லை. நாட்டில் அமைதி நிலவுவதாக அறிக்கை வெளியானது. பன்றிகள் கிழங்கைத் தின்று, குட்டி போட்டு, குட்டிகளுக்கும் வழி காட்டின.

பொறுக்க முடியாமல் மறு ஆண்டு ஒரு விடியலில் காளியண்ணன் தடியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினான். மங்கிய கண்ணுக்குப் புதர் எது, பன்றி எது என்று தெரியவில்லை. புதர் என்று அவன் நினைத்தது பாய்ந்து வந்து தொடையைக் கிழித்தது. அலறல் கேட்டுத் துப்பாக்கியோடு ஓடிவந்த பூவாயிக்கு மன்னரின் மீசை மட்டுமே தெரிந்தது. அவள் துப்பாக்கியை வரப்புக் கல்லில் ஓங்கி அறைந்தாள். யாளியின் மூக்கு உடைந்தது, பித்தளை உரிந்தது, மூன்றாம் அடியில் மன்னர் கழுத்தோடு போனார். பன்றி இரண்டாம் முறை பாயத் திரும்பியபோது பத்தடி தூரத்தில் நின்று சுட்டாள். அது காளியண்ணன் காலடியிலேயே விழுந்தது.

காயத்தைச் சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போதே காவலர்கள் வந்து அவளைப் பிடித்துப் போனார்கள்.

"மன்னரின் தலையைத் துண்டித்தாயா?" என்று நீதிபதி கேட்டார்.

"தலை பித்தளைங்க. தொடை என்ற வூட்டுக்காரரோடதுங்க."

இந்தப் பதிலை என்ன செய்வதென்று தெரியாமல் நீதிபதி வழக்கை மன்னருக்கு அனுப்பினார். அந்த ஆண்டு நாடு முழுவதிலும் ஒரு பன்றியை வீழ்த்திய ஒரே துப்பாக்கி அது என்று மன்னர் அறிந்தார். திகைத்துப்போய், அவளை விடுதலை செய்து, அதன் சிறப்பு என்ன என்று ஆராயும்படி அமைச்சருக்குக் கட்டளையிட்டார். எல்லையில் பலர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். இனியாவது புரிந்துகொள்வார்கள் என்று பூவாயியும் நம்பினாள்.

பூபதிராயர் மூன்று நாள் ஆராய்ந்தார். "சிறப்பு அதன் தோற்றத்தில்தான் இருக்கிறது, மன்னா," என்றார்.

நாட்டின் துப்பாக்கிகள் எல்லாம் திரும்பப் பெறப்பட்டன. அரண்மனைப் பட்டறையில் புதியவை தயாராயின. ஒவ்வொன்றிலும் உரிந்த பித்தளை, மூக்குடைந்த யாளி, கழுத்தோடு ஒடிந்த சிலையின் அடிப்பாகம், அளந்து போட்ட பதினோரு கீறல்கள். பூவாயியின் துப்பாக்கியைக் காட்சிசாலையில் கண்ணாடிக்குள் வைத்தார்கள். அவளுக்கும் ஒரு புதியதைக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழலுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தாள். கம்பி இறங்கவில்லை. திரும்ப அரண்மனைக்கே போய்க் கேட்டாள்.

"உள்ளே இருக்கும் துளை வெளியே தெரியாதல்லவா," என்று விளக்கினார் அமைச்சர். "அதனால் போடவில்லை."

பூவாயி அந்தத் துப்பாக்கியைக் கொடிக்கம்பாக நட்டு, துணி காயப்போட்டாள். மறுநாள் விடிந்ததும் ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தை எடுத்துப்போய் வயலின் நடுவில் நின்று கட்டையால் அடித்தாள். நொண்டிக்கொண்டே வந்த காளியண்ணன் இன்னொரு தகரத்தை அடித்தான். பக்கத்து வயல்களிலும் சத்தம் எழுந்தது. பன்றிகள் காதை விடைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடின.

அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த பூபதிராயர் தேரை நிறுத்தச் சொன்னார். கீழே இறங்கி, பூவாயியின் கையில் இருந்த தகரத்தை நெருங்கிப் பார்த்தார். துருவை விரலால் தொட்டு, முகம் சுளித்து, எழுத்தரைக் கூப்பிட்டார்.

"ஏட்டை எடு," என்றார்.