கூட்டுவதற்கு ஆள் விட்டாச்சு

வேலை செய்கிறவரை உங்களுக்குத் தெரியும். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவரையும் தெரியும். அவர் இல்லாத ஆபீசு ஏது? இந்த இரண்டு பேருக்கும் நடுவில், படிய வாரிய தலையும் நெற்றியில் திருநீறும் சட்டைப்பையில் பேனாவுமாக மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் ஒப்படைப்பாளர். ஒரு வேலையைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைத்த அந்த நொடியிலேயே அது முடிந்துவிட்டது என்று மனசார நம்புகிறவர். ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள், பாவம். நிஜமாகவே நம்புகிறார். சங்கடமே அதில்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சர்க்கார் ஆபீசு. எந்த ஆபீசு என்று கேட்காதீர்கள். யாருடைய பென்ஷனுக்காவது வேட்டு வைக்கவா? அங்கே சூப்பிரண்டு காசிராஜன். ஆபீசுக்கும், அதை ஒட்டி ஊராருக்கு வாடகைக்கு விடும் கல்யாண மண்டபத்துக்கும் அவர்தான் பொறுப்பு. பழைய துப்புரவுப் பணியாளர்கள் ஓய்வுபெற்றுப் போனதும், இனிமேல் கூட்டுவது, கழுவுவது, பழுது பார்ப்பது எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டுவிடலாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அன்றைக்குக் காசிராஜன் முகத்தில் கண்ட சிரிப்பை, அவருக்கு மகள் பிறந்த அன்றுகூடக் கண்டதில்லை என்று வாட்ச்மேன் பேச்சிமுத்து இன்றைக்கும் சொல்லுவார்.

அதுவரைக்கும் அவர் தினமும் காலையில் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, இங்கே குப்பை, அங்கே வெற்றிலை எச்சில், இது என்ன ஆபீசா மாட்டுத் தொழுவமா என்று ஒரு பாட்டம் கத்திவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். ராஜபாளையம் காளிராஜிடம் காண்ட்ராக்ட் விட்ட மறுநாளே சுற்று நின்றது, கத்தலும் நின்றது. விட்ட வேலையைப் போய்ப் பார்ப்பது, எடுத்தவனைச் சந்தேகப்படுவது ஆகாதா? காசிராஜன் அப்படிப்பட்டவர் இல்லை.

"சார், கக்கூஸ்ல தண்ணி வரலயே?"

"காண்ட்ராக்ட் விட்டாச்சு."

"மாடிப்படிக்குக் கீழ நாய் குட்டி போட்டுருக்கு சார்."

"நாய் காண்ட்ராக்ட்ல வராது."

ஒட்டடை விஷயத்தில் மட்டும் கொஞ்சநாள் குழப்பம் இருந்தது. ஒட்டடை துப்புரவா, பராமரிப்பா? காளிராஜும் காசிராஜனும் இரண்டு டீ குடித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஆள் உயரம் வரைக்கும் துப்புரவு, அதற்கு மேலே பராமரிப்பு, பராமரிப்பென்றால் பழுதாக வேண்டும், ஒட்டடை எப்படிப் பழுதாகும்? எனவே அதற்கு மேலே உள்ளது அப்படியே இருக்கட்டும். சிலந்திகளுக்கு இந்த ஒப்பந்தம் எப்படித்தான் தெரிந்ததோ, ஆள் உயரத்துக்குக் கீழே ஒன்றுகூட வலை பின்னவில்லை.

ஆபீசில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்டாள் கோவிலுக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரிடம் "எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அன்றைய சாமி கும்பிடும் வேலை முடிந்ததென்று தோசைக்கு உட்கார்ந்துவிடுவார். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் திணறினார். மகளுக்கு மாப்பிள்ளை தேடுவதைத் தரகரிடம் விட்டார். பெண் பார்க்க வத்திராயிருப்பிலிருந்து ஆட்கள் வந்த அன்று பேசுகிற வேலையை மைத்துனரிடம் விட்டுவிட்டு அடுப்படிப் பக்கமே நின்றார். அதனால் மாப்பிள்ளையின் சித்தப்பா வீரணன், பெண்ணைப் பெற்றவரின் முகத்தைச் சரியாகப் பார்க்காமலேயே சம்பந்தம் பேசி முடித்துவிட்டுப் போனார்.

இந்த வீரணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மிலிட்டரியில் சுபேதாராக இருந்து வந்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும் காப்பியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். மூத்த அண்ணன் மகனுக்கு நிச்சயம் பண்ணப் போன இடத்தில் அப்படிப் பார்த்துவிட்டு வந்தவர், "கக்கூஸ இந்த லச்சணத்துல வச்சிருக்கவன் பொண்ண எந்த லச்சணத்துல வளத்திருப்பான்?" என்று கேட்டு, வேனை அப்படியே திருப்பிவிட்டார். தட்டில் வைத்த பழம்கூட வேனை விட்டு இறங்கவில்லை என்று வ. புதுப்பட்டியில் இப்போதும் பேசிக்கொள்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் சம்பந்தம். கல்யாணம் காசிராஜன் பொறுப்பிலிருக்கும் அதே மண்டபத்தில். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அன்றைக்குக் காலையில் பேச்சிமுத்து வீடு தேடி வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், மண்டபத்துல போன கல்யாணத்து எச்சி எலகூட அப்படியே கெடக்கு. கக்கூஸ் பக்கம் மூச்சு விட முடியல."

"காண்ட்ராக்ட்ல இருக்குல்ல?"

"காண்ட்ராக்ட் இருக்கு சார். ஆளுதான் இல்ல."

காசிராஜனுக்குச் சட்டென்று சுபேதாரின் மீசை ஞாபகம் வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் மண்டபத்துக்கு ஓடினார். காண்ட்ராக்ட் விட்ட நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேன் திரும்பிப் போவதும், மகள் பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து அழுவதும் கண்ணுக்கு முன்னால் ஓடின.

அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம். காளிராஜ் தன் கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே மாசு மருவில்லாத வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணாச்சி! கல்யாணத்த வச்சிக்கிட்டு எங்க இந்தப் பக்கம்?"

"யோவ், மண்டபத்தக் கூட்ட ஆள் வரலயாமே!"

"மண்டபமா? அத நம்ம சோழபுரம் மாரிசாமிகிட்ட விட்டாச்சுல்ல?"

இவ்வளவு நாள் தான் ஊருக்கெல்லாம் சொல்லிவந்த வார்த்தையை வேறொருவர் வாயிலிருந்து தானே வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று காசிராஜனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபம் வந்தது. ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? முறையாகத்தானே விட்டிருக்கிறார்!

சோழபுரத்தில் மாரிசாமி தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். மண்வெட்டியைக் கீழே வைக்காமலேயே பேசினான்.

"நான் எதுக்குய்யா மண்டபம் கூட்டப் போறேன்? ஒங்க ஊரு குருவம்மாகிட்ட விட்டிருக்கேன். தங்கமான பொம்பள. கை பட்ட எடம் பளிச்சுன்னு ஆயிரும். இப்ப கொஞ்ச நாளாத்தான் அவளால போக முடியல."

"ஏன், ஒடம்புக்கு முடியலயா?"

"ஒடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கா. அங்க எவனோ ஒரு ஆபீசர் வீட்ல கல்யாணமாம். விடிஞ்சதுலருந்து பொழுது அடையுத வரைக்கும் அவளை வீட்ட விட்டு நகர விட மாட்டேங்கானாம். மண்டபத்துக்குப் போகணும்னு சொன்னாலும் கேக்கதில்லயாம். மனுசனா அவன்?"

காசிராஜன் வந்த வழியே திரும்பி பஸ் ஏறினார்.

வீட்டு வாசலில் அவருக்காகவே விரித்து வைத்ததுபோல ஒரு கோலம். தூசி துரும்பில்லாத முற்றம். கண்ணாடியாகக் கழுவிய திண்ணை. அடுப்படியில் குருவம்மாள் ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்து மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் தன் வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள் என்பது அவருக்குத் தெரியும். அவள் பேர் குருவம்மாள் என்பது தெரியாது. அந்த வேலையை அவர் மனைவி ரத்தினத்திடம் விட்டிருந்தார்.

"ஏம்மா, மண்டபம் கூட்டுறது நீதானா?"

"ஆமா சார். அக்காட்ட தெனமும் கேட்டுப் பாத்தேன். 'மண்டபத்துக்குப் போகாட்டி யாரு ஒன்னக் கேக்கப் போறா? பொறுப்பு எங்க வீட்டு அவியதான், நான் சொல்லிக்கிடுதேன்'னு சொன்னாவ."

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள் ரத்தினம். "நீங்க என்னைக்கு நின்னு கேட்டிய?"

மணி நாலாகிவிட்டது. வேன் வத்திராயிருப்பை விட்டுக் கிளம்பியிருக்கும். குருவம்மாள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"ஒத்தையில அம்புட்டும் ஏலாது சார். நான் மண்டபத்தப் பாக்கேன். கக்கூஸுக்கு ஒரு ஆள் வேணும்."

காசிராஜன் மைத்துனரைப் பார்த்தார். அவர் சில்க் சட்டையின் கையை நீவிவிட்டார். பங்காளியைப் பார்த்தார். அவருக்குத் திடீரென்று பந்தல்காரனிடம் ஏதோ வேலை வந்துவிட்டது. பேச்சிமுத்து வாழைமரம் கட்டப் போயிருந்தார். வீடு நிறைய ஆட்கள். விடுவதற்கு ஒருவர் இல்லை. தன் வாழ்நாளில் முதல்முறையாக, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, துண்டை மூக்கோடு சேர்த்துச் சுற்றி, தென்னை விளக்குமாறும் பினாயிலுமாகக் காசிராஜன் மண்டபத்துக் கக்கூஸுக்குள் நுழைந்தார்.

தேய்த்தார், ஐயா, தேய்த்தார். மகள் வாழ்க்கையே அந்தப் பீங்கானில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் தேய்த்தார். இரண்டு தரம் குமட்டியது. மூன்றாம் தரம் குமட்டுவதற்கு நேரமில்லை. கடைசி வாளித் தண்ணீரை ஊற்றும்போது மேளச்சத்தம் கேட்டது. அவர் நிமிர்வதற்குள் வாசலை அடைத்துக்கொண்டு மீசை நின்றது. சுபேதார் வழக்கம்போல நேரே இங்கேதான் வந்திருந்தார்.

சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார்.

"நம்ம ஊர்ல இப்படி ஒரு சர்க்கார் கக்கூஸா! யாருய்யா இதுக்குக் காண்ட்ராக்டு?"

துண்டை அவிழ்த்து "நான்தான் பொண்ணோட அப்பா" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? காசிராஜன் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"ராஜபாளையம் காளிராஜ், சார்."

"சபாஷ். ஆளு வச்சா இப்படி வைக்கணும்."

வேன் திரும்பவில்லை. மறுநாள் முகூர்த்தத்தில் காசிராஜன் பட்டுவேட்டியும் சந்தனமுமாக மகளின் கையைப் பிடித்துக்கொடுத்தார். அந்த ஒரு வேலையை மட்டும் யாரிடமும் விட முடியாமல் கண் கலங்கி நின்றார். தாலி ஏறியதும் சம்பந்திகள் கட்டிக்கொண்டார்கள். சுபேதார் கட்டிப்பிடித்தவர், கொஞ்சம் விலகி, மூக்கை உறிஞ்சி, காசிராஜனின் கண்ணையே உற்றுப் பார்த்தார். பிறகு காதோரம் குனிந்து, "சம்பந்தி, பினாயில் ஒரு மூடி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். சாகும்வரைக்கும் அவர் இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

காளிராஜுக்குக் காண்ட்ராக்ட் மறுபடியும் கிடைத்தது. மண்டபம் படு சுத்தம் என்று வத்திராயிருப்பிலிருந்து ஒரு முன்னாள் ராணுவ வீரரின் பாராட்டே வந்திருக்கும்போது யார் மறுப்பார்கள்?

காசிராஜன் திருந்தினாரா என்றுதானே கேட்கிறீர்கள்? திருந்தினார். கல்யாணக் களைப்புத் தீர்ந்து ஆபீசுக்கு வந்ததும் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார்.

"இனிமே தெனமும் ஒரு தடவ மண்டபத்துக்குப் போயி நேர்ல பாத்தாகணும். கண்டிப்பா பாக்கணும்."

"நல்லது சார். எப்பப் போறிய?"

"நான் எங்கய்யா போறேன்? நீ போயிப் பாரு."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: இன்று காலையில் உங்கள் ஆபீசுக் கக்கூஸைக் கழுவிய அம்மாளின் பேர் என்ன? அது வேண்டாம், கஷ்டமான கேள்வி. உங்கள் வீட்டு வாசலைக் கூட்டியவள் பேர் என்ன? வீட்டுக்காரியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டுமா? எழுந்திருக்காதீர்கள், ஐயா, உட்கார்ந்த இடத்திலிருந்தே யாரையாவது அனுப்பிக் கேட்டு வரச்சொல்லுங்கள்.