மூலத்தைத் தொடாதீர்

திண்டிவனம்,
20.8.2014

அன்பு மகன் சகாய பிரவீனுக்கு, அப்பா தொம்மை எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் நலம், கம்ப்யூட்டரும் நலம். புனேயில் நீயும் மருமகள் வெனிலாவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ பேசுவதில்லை. "முடிஞ்சிதாப்பா?" என்கிறாய். "இன்னும் இல்லடா" என்கிறேன். "சரிப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். மொத்தம் நாற்பது விநாடி. குறையாகச் சொல்லவில்லை. இந்த வேலை தொடங்குவதற்கு முன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாய். இப்போது நாள் தவறுவதில்லை. ஆனால் தாமதத்துக்கான காரணங்கள் நாற்பது விநாடிக்குள் அடங்காதவை. ஆகவே எழுத்தில் தருகிறேன்.

நம் குடும்பப் படங்களை வைத்திருந்த இணையக் கம்பெனி இந்த மாதக் கடைசியோடு கடையை மூடுகிறது, அதற்குள் நாற்பத்தோராயிரம் படங்களையும் வேறொரு கம்பெனியின் மேகக் கிடங்குக்கு மாற்ற வேண்டும், "நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க, டைம் இருக்கு" என்று சொல்லிக் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்தாய். டைம் இருப்பது உண்மை. பத்திரப் பதிவு ஆபீசில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டான் என்பதும் உண்மை. எனவே பொத்தானை அமுக்குவதற்கு முன் 'பயன்பாட்டு வரம்புகளும் முன்னெச்சரிக்கைகளும்' என்ற பதினான்கு பக்கத்தையும் தமிழிலேயே படித்தேன். அதை முழுதாகப் படித்த முதல் ஆள் நானாக இருக்கலாம். எழுதியவர் படித்ததற்கு அறிகுறி இல்லை.

ஒரு நாளைக்கு ஐயாயிரம் படத்துக்கு மேல் போகாது. இது முதல் வரம்பு, நியாயமானது, எங்கள் ஆபீசிலும் ஒரு நாளைக்கு இத்தனை டோக்கன்தான். இரண்டாவது, பெயர் நீளமாக இருக்கக் கூடாது. இங்கேதான் இடித்தது. உன் அம்மா இன்னாசியம்மாள் போன பிறகு நான் உட்கார்ந்து படங்களுக்கெல்லாம் பெயர் வைத்தேன் அல்லவா, பழக்கதோஷத்தால் பத்திரத்தில் நிலத்துக்கு எழுதுவதுபோல் நான்கு எல்லை சொல்லித்தான் வைத்திருந்தேன். 'வடக்கே கோயில் மதில், தெற்கே ஐஸ் வண்டி, மேற்கே சவுரியம்மாள், கிழக்கே அழுதுகொண்டிருக்கும் பிரவீன், இதற்குள் அடங்கிய இன்னாசியம்மாள்' என்று ஒரு படம். இந்த மாதிரி இருநூற்றுப் பன்னிரண்டு. எதையும் ஏற்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லைகளை ஒவ்வொன்றாக அழித்து வெறும் 'இன்னாசியம்மாள்' என்று சுருக்கினேன். உடனே திரையில், 'இன்னாசியம்மாள் ஏற்கெனவே உள்ளது. பழையதை நீக்கவா, இரண்டையும் வைத்துக்கொள்ளவா?' என்று கேட்டது. இருநூற்றுப் பதினோரு முறை கேட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டையும் வைத்துக்கொள் என்று பதில் சொல்ல நேரம் பிடிக்கத்தானே செய்யும்?

மூன்றாவது, காலிக் கோப்புறைகள் இடம் மாறா. 'கிறிஸ்துமஸ் 2012', 'ஈஸ்டர் 2013', 'கிறிஸ்துமஸ் 2013' என்று நீங்கள் வரும்போது எடுக்கப்போகும் படங்களுக்காக முன்கூட்டியே உறை திறந்து வைத்திருந்தேன். உள்ளே ஒன்றாவது இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்களாம். ஒவ்வொன்றிலும் நம் வாசல் கதவின் படத்தைப் போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள்.

முன்னெச்சரிக்கையில் முக்கியமானது, 'இடமாற்றம் முடியும்வரை மூலத்தைத் தொடக் கூடாது' என்பது. மூலப்பத்திரத்தோடு வாழ்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மீட்டர் பார்க்க வருகிறவர் மெயினை அணைத்துவிடுவாரோ என்று பயந்து, அந்த வரியை அப்படியே பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டினேன். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் விருத்தாசலம் அதைப் படித்தார்.

"இன்னா சார், எத்தினி நாளா?" என்றார்.

"ஒன்பது நாள் ஆகும்னு போட்டிருக்கான்" என்றேன்.

"ஆபரேசனா? முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில எனக்கு ஆள் இருக்குது சார். இதப் போயி சொல்லாம வச்சிக்கினு, கதவுல எழுதி ஒட்டிக்கினு... கூச்சப்பட்டா வேலைக்காவாது சார், எனக்கே இருந்துச்சி. முப்பது வருசம் பஸ்ல நின்னுக்கினே வந்தேன், ஏன்னு நெனச்ச?"

அன்று மாலையே எதிர் வீட்டுச் சவுரியம்மாள் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். "துத்தி எலய வெங்காயம் போட்டு வதக்கியிருக்கேன்ண்ணே, மூலத்துக்கு இத வுட்டா வேற மருந்து கெடையாது. மொளகா தொடாத. ஒக்காரவும் வாணாம், நின்னுக்கினே துன்னு" என்றாள். இது கம்ப்யூட்டர் மூலம் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆமாமா, கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்துக்கினே இருந்தா வரத்தான் வரும்" என்றாள். அப்புறம் என்னோடு ஆபீசில் இருந்த தேவநாதன் மயிலத்திலிருந்து கருணைக்கிழங்கு கொண்டுவந்தார். பங்குச் சாமியார் பூசையில் 'நோயுற்றோர்' வரிசையில் என் பெயரை வாசித்தார். எந்த நோய் என்று சொல்லாமல் விட்டது அவர் பெருந்தன்மை. உன் அம்மா காரியத்துக்குப் பிறகு இந்த மூன்று வருஷத்தில் நம் வீட்டில் இத்தனை பேர் வந்து உட்கார்ந்ததில்லை. என்னை மட்டும் உட்கார விடவில்லை. வருகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து, அவரவர் மூலத்தின் வரலாற்றைக் கேட்டு முடிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது.

கடைசி எச்சரிக்கை ஒன்று: 'கோப்புகள் மட்டுமே இடம் மாறும். அவற்றைப் பார்க்க யார் யாருக்கு அனுமதி இருந்ததோ அந்த விவரம் இடம் மாறாது.' ஆகையால் புது இடத்தில் இப்போதைக்கு எல்லாப் படத்தையும் பார்க்கக்கூடியவன் நான் ஒருவன்தான். உனக்கு அனுமதி வேண்டுமானால் கேள், தருகிறேன்.

இவ்வளவும் தாமதத்துக்கான காரணங்கள். சுருக்கிய பெயர்களில் இன்னும் எழுபதைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. மாதக் கடைசிவரை இழுக்கும் என்று தோன்றுகிறது. கவலைப்படாதே, வேலையைப் பார். வெனிலாவுக்கு என் ஆசீர். வேளாங்கண்ணித் தாய் உங்கள் இருவருக்கும் துணையிருந்து, சரியான நேரத்துக்குச் சாப்பிடவும் வைப்பாளாக.

இப்படிக்கு,
உன் அப்பா,
தொம்மை

பி.கு.: பதிவு ஆபீஸ்காரன் பொய்யான ஆவணத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். இடமாற்றம் பதினோராம் தேதி காலையிலேயே முழுதாக முடிந்துவிட்டது. ஒரு படம் குறையவில்லை. மூன்று முறை எண்ணினேன். கடிதம் உனக்குக் கிடைத்த அன்றும் ஆறு மணிக்கு முடிஞ்சிதாப்பா என்று கேள். இன்னும் இல்லடா என்றுதான் சொல்வேன்.